"இல்லை"ன்னு எழுதி வாங்கு, மருமவனே

மருமவனே, உன்னைய மாதிரி நல்ல பிள்ளை கிடைக்கணும்னா அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் போன ஜென்மத்துல கோயில் கட்டிக் கும்பாபிசேகம் நடத்தியிருக்கணும். வெள்ளம் வந்து வடிஞ்சு வருசம் திரும்பப் போவுது. நீ இன்னும் அந்த இலவச நம்பருக்குப் போன் போட்டு, ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல அமுக்கிக்கிட்டு, இடையில வார வீணையைக் கேட்டுக்கிட்டு திண்ணையில உக்காந்திருக்கே. சங்கீத ஞானம் வளருது, நல்லதுதான். கிளெய்ம்தான் வளரக் காணோம்.

"என்னலே சொன்னான்?"னு நேத்து கேட்டேன். "பிராசஸ்ல இருக்குன்னான் மாமா"ன்னு ஒரு சந்தோசம் உன் மூஞ்சியில. பிராசஸ்னா என்ன, யாரு மேசையில இருக்கு, எப்ப முடியும்னு நீ கேக்கல. கேட்டா மரியாதைக் குறைவுன்னு நெனச்சே போல.

நான் எட்டாங்கிளாசு. ஆனா ஏரல் பக்கம் வாழைத்தார் யாவாரம் பாத்தவன். துட்டு தரக்கூடாதுன்னு முடிவு பண்ணுனவன் எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியும்லா. "தரமாட்டேன், போவே"ன்னு சொல்லுதவன் யோக்கியன். அவன் மேல பஞ்சாயத்து வைக்கலாம், நாலு பேரைக் கூட்டலாம். "பார்ப்போம் அண்ணாச்சி"ங்கான் பாரு, அவங்கிட்டதான் என் துட்டு செத்துப் போயிருக்கு. ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு அவனுக்குத் தெரியும். நம்மளே ஒரு நாள் சலிச்சுப் போயி, குடுத்ததைக் குடுன்னு கையை நீட்டுவோம்னும் தெரியும். அதனால நீ இனிமே துட்டைக் கேக்காதே. "இல்லை"யைக் கேளு. எழுத்துல கேளு. அது எதுக்குன்னு பின்னால சொல்லுதேன்.

மொதல்ல உங்க அம்மா, அதாவது என் அக்கா, செஞ்ச காரியத்தைச் சொல்லணும். 2023 டிசம்பர் 17, மார்கழி பொறந்த அன்னைக்கு வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். கோரம்பள்ளம் குளம் உடைஞ்சுது, ஏரல் பாலம் அடிச்சுக்கிட்டுப் போச்சு, திருச்செந்தூர்ல இருந்து மெட்ராசுக்குக் கெளம்புன ரயிலு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேசன்லயே நின்னு, உள்ள இருந்த நூத்துக்கணக்கான சனத்துக்கு ஹெலிகாப்டர்ல சோறு போட்டான். உன் வீட்டுக்குள்ள சுவிச்சு போர்டு வரைக்கும் தண்ணி. அது வடிஞ்சதும் அக்கா என்ன செஞ்சா? "மார்கழி மாசம் வீட்டுல சேறு கெடக்கக் கூடாது"ன்னு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மெத்தையெல்லாம் குப்பை வண்டியில ஏத்தி, பிரிட்ஜைப் பழைய இரும்புக்காரனுக்குக் கிலோக் கணக்குல போட்டு, பொங்கலுக்கு வெள்ளையும் அடிச்சுட்டா. பெறவுதான் சர்வேயர் வாரான். வந்தவன் கண்ணுக்கு, வெள்ளத்துக்கு முன்னால இருந்ததை விட வீடு பளபளன்னு இருக்கு. "பார்வைக்கு வெள்ளச் சேதம் ஏதும் தெரியவில்லை"ன்னு எழுதிட்டுப் போனான். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா? அக்கா கழுவின லட்சணம் அப்படி.

அதுக்காக சர்வேயர் வார வரைக்கும் சேத்துக்குள்ள படுத்துக் கெடன்னு சொல்லல. சேதம் பெருகாம பாத்துக்கிடுதது நம்ம கடமைன்னு பாலிசியிலயே இருக்கும். இனி ஒரு தடவை வந்தா, தண்ணி நின்ன கோடு சுவத்துல தெரியும்லா, அதுல டேப்பை வச்சு ஒரு போட்டோ. ஒவ்வொரு சாமானையும் தூக்கிப் போடுததுக்கு முன்னால அதோட கம்பெனி சீட்டுத் தெரியுத மாதிரி ஒரு போட்டோ. அதுக்கு அப்புறம் கழுவு, வெள்ளையடி, கோலம் போடு. பிரிட்ஜு சட்டத்தைக் கொல்லையில போட்டு வையி, அவன் பாக்கட்டும்.

உன் கேசுக்கு ஒரு சாட்சி தப்பிச்சுக் கெடக்கு, உனக்குத்தான் தெரியல. இடுப்பளவு தண்ணியில நின்னு, சினிமாப் பாட்டைப் பின்னால ஓட விட்டு ஸ்டேட்டஸ் வச்சியே! அன்னைக்கு உன்னைய வாயில வந்தபடி ஏசினேன். இன்னைக்குச் சொல்லுதேன், அந்த வீடியோவைப் பத்திரமா வையி. தேதி இருக்கு, தண்ணி இருக்கு, உன் தலைக்குப் பின்னால முழுகுன பிரிட்ஜும் இருக்கு. பாட்டை மட்டும் எடுத்துராதே, கைவச்ச வீடியோன்னு சொல்லிருவான்.

அதுக்கு மேல ஒரு கூத்து. வானிலை ஆபீசுல சான்று வாங்கிட்டு வான்னு கடுதாசி போட்டிருக்கான் உனக்கு. டெல்லியில இருந்து மந்திரி வந்து பாத்துட்டுப் போன வெள்ளம். ரேசன் கடையில 6,000 ரூவாய் நிவாரணம் வாங்கினோம்லா, அது மோசமா அடிபட்ட தாலுகாவுக்கு மட்டும் குடுத்தது. மத்த இடத்துக்கு 1,000தான். அந்த 6,000 ஒண்ணே அரசாங்கம் எழுதிக் குடுத்த வெள்ளச் சான்று. கிராம நிர்வாக அலுவலர் கிட்ட ஒரு கடுதாசி வாங்கி, அதோட சேத்து அனுப்பு.

சரி, பாலிசி எங்கலே? "பாங்குல இருக்கு மாமா"ங்கே. வீட்டுக் கடன் வாங்குன அன்னைக்கு அந்த மேனேசர் காட்டுன இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டே. கல்யாண ரிஜிஸ்தருல கூட நீ அம்புட்டு வேகமாப் போடல. அதுல ரெண்டு இன்சூரன்ஸ் இருந்திருக்கு. ஒண்ணு, நீ மண்டையைப் போட்டா கடனை அடைக்கிறது. அதைத்தான் நீ வீட்டு இன்சூரன்ஸ்னு நெனச்சுக்கிட்டு மொதல் மூணு மாசமும் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டிருக்கே. அதுல துட்டு வரணும்னா நீ செத்துக் காட்டணும். தண்ணி இடுப்போட நின்னுபோச்சு, அதுக்கும் வழியில்லாம ஆச்சு. ரெண்டாவதுதான் வீட்டுக்கு உள்ளது. அதோட நகலைப் பாங்குல எழுதிக் கேட்டு வாங்கு. வாங்கினா மட்டும் பத்தாது, படி. எழுத்து பொடிசா இருக்கும், அத்தை கண்ணாடி தருவா.

உன்னுது அந்த ‘பாரத் கிரஹ ரக்ஷா’ வகைன்னு அந்த ஏஜெண்டு பையன் சொன்னான். 2021 ஏப்ரல்ல இருந்து எல்லாக் கம்பெனியும் இதைக் கண்டிப்பா விக்கணும்னு ஒழுங்குமுறை ஆணையம், அந்த ஐதராபாத்துக்காரன், சொல்லிட்டான். அதுல புயலு, வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் உண்டு. உன் கேசுல காம்பவுண்டு சுவருக்குப் பைசா கிடையாதுன்னு வாயால சொல்லியிருக்கானே, எடுத்துப் பாரு: வீடுங்கதுக்குள்ள காம்பவுண்டு சுவரு, கேட்டு, தண்ணித் தொட்டி, செப்டிக் டேங்கு வரைக்கும் அடங்கும். வீட்டுச் சாமானுக்குத் தனியாக் கேக்காட்டாலும், கட்டடத்துக்குப் போட்ட தொகையில 20 சதவீதம், 10 லட்சத்துக்கு மிகாம, தானா உண்டு. கம்மித் தொகைக்கு இன்சூர் பண்ணியிருக்கேன்னு சொல்லிக் கிளெய்மை அறுக்கவும் இதுல வழியில்லை. நகைக்குத் தனியா எடுத்திருந்தாத்தான். அதே சமயம் நீயும் கிளெய்ம் பாரத்துல மனைக்குச் சென்டு இம்புட்டுன்னு சேத்து எழுதியிருக்கே. நிலம் எங்க போச்சு, தாமிரபரணியிலயா கரைஞ்சுது? நிலத்துக்கு எந்தக் கம்பெனியும் தரமாட்டான்.

அங்ஙனயே இன்னொண்ணு பாத்தேன். டிவி, 65 இஞ்சு. ஏலே, உன் வீட்டு டிவி எத்தனை இஞ்சுன்னு எனக்குத் தெரியாதா? வெள்ளத்துக்கு ஒரு மாசம் முன்னால உலகக் கோப்பை பைனலை அதுலதான பாத்தோம்? ஆஸ்திரேலியாக்காரன் கோப்பையைத் தூக்கும்போது நான் கண்ணைச் சுருக்கிக்கிட்டுல்லா பாத்தேன். அது 32. அடிச்சுத் திருத்தி எழுதிக் குடுத்துரு. நிசமான சேதம் நாலு லட்சம் இருக்கும்போது, அந்த ஒரு டிவிக்காக ஏமாத்துக்காரன்னு பேரு வாங்கினேன்னா, மொத்தக் கிளெய்மையும் அதைச் சொல்லியே தள்ளிருவான். பொய் சொல்லுதது அவன் தொழில், அவன் வக்கீலு வச்சிருக்கான். நமக்குக் கட்டுப்படியாவாது.

சர்வேயர் வந்தப்போ நீ பண்ணின உபசாரம் ஊரே பேசுச்சு. கருப்பட்டிக் காப்பி, முறுக்கு, ஒரு தாரு வாழைப்பழம். "பாத்துச் செய்யிதேன் சார்"னு சொல்லிட்டுப் போனான். அவனுக்குச் சம்பளம் குடுக்கிறது கம்பெனி. லைசென்ஸ் குடுக்கிறது ஆணையம். பழம் குடுத்தது மட்டும் நீ. அவன் ரிப்போர்ட்டு நகலைக் கேட்டியா? கேட்டா உனக்கும் ஒண்ணு தரணும்னு விதி இருக்கு, கேக்காட்டா யாரும் தரமாட்டான். கம்பெனிக்காரன் சர்வேயர் எழுத்தை வேதம் மாதிரி காட்டுவான். அது கடைசி வார்த்தை கிடையாதுன்னு 2009லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டு. நம்ம பக்கம் ஒரு என்ஜினீயரைக் கூட்டிட்டு வந்து தனியா மதிப்பு எழுதி வாங்கலாம்.

அவன் எழுதின விரிசல் கதையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துட்டு. கெழக்குச் சுவத்து விரிசல் பழசாம், நாள்பட்ட கசிவாம். உன் பால்காய்ச்சு ஆல்பத்தை எடு. அந்தச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கதே நான்தான். எனக்குப் பின்னால விரிசல் எங்க இருக்கு? என் பல்லுலதான் ஒரு விரிசல் தெரியும். அந்தப் போட்டோவை நகல் எடுத்து அனுப்பு.

இனி கெடுவு. உனக்கு வெள்ளம் வந்த காலத்து விதிப்படி, சேதி சொல்லி 72 மணி நேரத்துக்குள்ள சர்வேயரைப் போடணும், அவன் 30 நாள்ல ரிப்போர்ட்டு தரணும், அது கையில கெடைச்சு 30 நாள்ல கம்பெனி ஒண்ணு தாரேங்கணும், இல்ல இல்லேங்கணும். அதுக்கு மேல இழுத்தா பாங்கு ரேட்டுக்கு மேல 2 சதவீதம் வட்டி போட்டுத் தரணும். 2024 ஜூன்ல ஆணையம் இன்னும் இறுக்கிட்டான்: சர்வேயரை 24 மணி நேரத்துல போடு, ரிப்போர்ட்டு வந்து 7 நாள்ல முடிவு சொல்லுன்னு. காகிதம் இல்லைங்கதுக்காகக் கிளெய்மைத் தள்ளக் கூடாதுன்னும் போட்டிருக்கான். கேக்க வேண்டியதைப் பாலிசி போடும்போதே கேட்டிருக்கணுமாம். பிரீமியம் வாங்கும்போது உன் வீட்டுப் பத்திரத்தை எவன் கேட்டான்? செக்கு பாஸாவுமான்னு மட்டும்தான கேட்டான்.

இப்போ பாரு, வீட்டுத் தீர்வை என் மச்சான், உங்க அப்பா பேருல இருக்காம், கரண்டு உங்க தாத்தா பேருல இருக்காம், ரெண்டையும் விளக்கச் சொல்லி ஒரு கடுதாசி. உங்க தாத்தா போயிச் சேந்து எத்தனையோ வருசம் ஆச்சு; ஆனாலும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம கரண்டு பில்லு கட்டிக்கிட்டு இருக்காரு, பாவம். அதைக் குடுத்ததும் வாரிசுச் சான்று. அதைக் குடுத்ததும் பிரிட்ஜு பில்லு. பிரிட்ஜே இரும்புக் கடைக்குப் போயிட்டு, பில்லு பீரோவுல நீந்திக்கிட்டா இருக்கும்? ஒவ்வொண்ணாக் கேக்கதுதான் அவன் சூட்சுமம். ஒரு காகிதத்துக்கு ஒரு மாசம். நீ ஒரே வரி எழுது: "இன்னும் என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் ஒரே கடுதாசியில பட்டியல் போட்டுத் தாருங்க." அதோட அவன் சட்டியில என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோவும்.

தாமசமாச் சேதி சொன்னேன்னு ஒரு வரி எழுதியிருந்தானே, அதுக்குப் பயப்படாதே. கரண்டு இல்ல, டவரு இல்ல, ரோடே இல்ல. நியாயமான காரணம் இருந்தா, நிசமான கிளெய்மைத் தாமதம்னு சொல்லித் தள்ளாதேன்னு 2011லயே ஆணையம் சுற்றறிக்கை விட்டிருக்கு.

போன வாரம் அனுப்பியிருக்கானே ஒரு வவுச்சர். 87 ஆயிரம், "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி ஏதும் பாக்கியில்லை"ன்னு. நீ பேனாவைத் தேடுதே. உன் மூஞ்சியிலயே 87 ஆயிரம் தெரியுது. கை நெருக்கடின்னு எனக்குத் தெரியும், அதுக்காக மொட்டையாக் கையெழுத்துப் போட்டுராதே. "முழுத் தொகையும் வரல, மீதிக்கு என் உரிமையை விடல, எதிர்ப்போடதான் வாங்குதேன்"னு அதுலயும் எழுது, மெயில்லயும் எழுது. அப்படி எழுதினா குடுக்க மாட்டோம்னு சொன்னா, அதையும் எழுதித் தரச் சொல்லு. நெருக்கியோ ஏமாத்தியோ வாங்கின கையெழுத்துன்னு காட்ட முடிஞ்சா, வவுச்சரைக் காட்டிக் கதவைச் சாத்த முடியாதுன்னு 1999ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு இருக்கு. ஆனா அதைக் காட்டுததுக்கு நீ நாயா அலையணும். எதிர்ப்புன்னு ஒரு வார்த்தையை இன்னைக்கே எழுதிட்டா அலைச்சல் பாதி.

இப்ப அந்த "இல்லை"க்கு வாரேன். எழுத்துல இல்லேன்னு சொல்லணும்னா, பாலிசியில எந்த வரிப்படி இல்லேன்னு அவன் காட்டியாவணும். அங்ஙனதான் அவனுக்கு இடிக்கும். இன்னைக்குக் கசிவுங்கான், நாளைக்குக் காகிதம்ங்கான், பெறவு தாமசம்ங்கான். வாய்ப் பேச்சுல எத்தனை காரணமும் மாத்தலாம். கடுதாசியில ஒண்ணு எழுதிட்டா, பின்னால கோர்ட்டுல போயி புதுசா இன்னொரு காரணத்தை இழுக்க முடியாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டு அடிச்சுச் சொல்லியிருக்கு. எழுதித் தந்த "இல்லை" அவன் கையைக் கட்டுது, உனக்குத் தேதி போட்ட ஒரு காகிதத்தைத் தருது. அதனாலதான் அந்தக் காகிதத்தை மட்டும் அவன் சுலபத்துல தரமாட்டான்.

தராட்டா? கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுது. ஸ்பீடு போஸ்ட்டுல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு. ‘பீமா பரோசா’ன்னு ஆணையத்துக்காரன் வச்சிருக்க தளத்துலயும் ஏத்து, 155255ன்னு ஒரு நம்பரும் உண்டு. ஒரு மாசம் பொறு. பதில் வரலேன்னா அந்த மௌனமே "இல்லை"தான். அதை எடுத்துக்கிட்டு நேரா மெட்ராசுல இருக்க இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்குப் போடு, அந்த ஆம்பட்ஸ்மேனுக்கு. 50 லட்சம் வரைக்கும் அவர் பாக்கலாம். பீசு கிடையாது, வக்கீலுக்கு உள்ளயே எடமில்லை. வீடியோவுலயும் விசாரிக்கான், உன் போன்ல பாட்டு போடாம உக்காந்தாப் போதும். ஒரு வருசத்துக்குள்ள போயிரணும். அவரு தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்படணும். உனக்குப் பிடிக்கலேன்னா நீ மேல போலாம். நம்மளை மாதிரி ஆளுக்குன்னு எவனோ ஒரு நல்லவன் யோசிச்சுச் செஞ்ச ஏற்பாடு, நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது.

அவசரத்துல நுகர்வோர் கோர்ட்டுல மொதல்ல போட்டுட்டு, பெறவு குறைதீர்ப்பாளர் கிட்ட ஓடாதே, ஏத்துக்கிட மாட்டாரு. அங்க முடிச்சுட்டு இங்க வரலாம். 2019 சட்டப்படி நீ குடியிருக்க மாவட்டத்துலயே, தூத்துக்குடியிலயே, போடலாம். கம்பெனி தலைமை ஆபீசு பம்பாயில இருந்தா என்ன, அவன்தான் டிக்கெட்டு எடுத்து வரணும். காரணம் ஏற்பட்டு ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். கட்டின பிரீமியத்தை வச்சுத்தான் பீசு, அது 5 லட்சத்துக்குள்ள இருந்தா பீசே இல்லை. உன் பிரீமியம் அத்தை பூ வாங்குத காசு.

உன் கம்பெனி அரசாங்கக் கம்பெனிங்கதால இன்னொரு குசும்பும் பண்ணலாம். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூவாயைக் கட்டி, "என் கோப்பு எந்தத் தேதியில எந்த மேசையில இருந்துது, யாரு என்ன எழுதினா"ன்னு கேளு. அதுக்குப் பதில் எழுதப் போறவனுக்கு, கிளெய்மை முடிக்கிறதே சுலபம்னு தோணும்.

இன்னொண்ணு. "போவட்டும் அத்தை, இவனுகளுக்கு இனிமே பிரீமியமே கட்ட மாட்டேன்"ன்னு வீறாப்பாப் பேசினியாமே, உங்க அத்தை சொன்னா. கோவம் நியாயம்தான். ஆனா ஐப்பசி பொறக்கப் போவுது, மணிமுத்தாறும் பாபநாசமும் உன் கோவத்தைக் கேட்டுத் தண்ணி திறக்காது. இவன் வேண்டாம்னா வேற கம்பெனியில போடு, எங்ஙன போட்டாலும் அதே ‘கிரஹ ரக்ஷா’வைக் கேளு. பழைய கிளெய்ம் ஒண்ணு நிலுவையில இருக்குன்னு புதுசுக்காரன் பாரத்துல மறைக்காம எழுதணும், மறந்துராதே. ரினியூவல் என்னைக்குன்னு பாலிசியில பாரு. பாலிசி பாங்குல இருக்குன்னு மறுபடி எங்கிட்ட சொன்னேன்னா, நான் நேரா பாங்கு மேனேசர் கிட்டயே போயி, இந்தப் பையனுக்கு எந்தத் தைரியத்துல கடன் குடுத்தீருன்னு கேட்டுட்டு வந்துருவேன்.